பிளாக்கில் விரிசல்: சரிசெய்வதா, மாற்றுவதா? (விசைப்படகு எஞ்சின்)

அக்கரைப்பேட்டை படகு (மே 18)

வணக்கம். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் விசைப்படகின் எஞ்சின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் உட்காரும் வார்ப்பிரும்புக் கூட்டில், விரிசல் கண்டிருக்கிறது. அதைச் சரிசெய்து ஓட்டுவதா, வேறு பிளாக் போடுவதா என்று தெரியாமல் நிற்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. 61 நாள் கரையில் நின்ற பிறகு போகிற முதல் தொழிலில்தான் நல்ல மீன் கிடைக்கும், அதை விட்டுவிட்டால் கடன்காரருக்குப் பதில் சொல்ல முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சீக்கிரம் சொன்னால் பெரிய உதவி.

எஞ்சின் லாரியில் வரும் ஆறு சிலிண்டர் டீசல். அதற்கே கடல் கியர்பாக்ஸும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் (எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரைக் கடல்நீரால் ஆற்றும் கருவி) வைத்து இறக்கியது. வெட் லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் குழாயைத் தனியாகக் கழற்றலாம், அதன் வெளிப்பக்கம் தண்ணீர் நேராகப் படும். தடைக்காலத்துக்கு முன் கடைசியாகத் தொழிலுக்குப் போனபோது கடல்நீர் உறிஞ்சும் வடிகட்டியில் பிளாஸ்டிக் தாள் வந்து அடைத்துக்கொண்டது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனதும் டிரைவர் எஞ்சினை நிறுத்தி, தானாக ஆறவிட்டு, வடிகட்டியைச் சுத்தம் செய்துதான் மறுபடி ஸ்டார்ட் செய்தார். கரை வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனால் வரும் வழியெல்லாம் மேல் டேங்கில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததாம்.

இப்போது படகைக் கரையேற்றி எஞ்சினைப் பிரித்திருக்கிறோம். இடப்பக்கம் நான்காவது, ஐந்தாவது சிலிண்டருக்கு நேராக, வாட்டர் ஜாக்கெட்டின் (சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடம்) வெளிச்சுவரில், கோர் பிளக்குக்குக் (அந்தச் சுவரின் வார்ப்புத் துளையை அடைக்கும் மூடி) கீழே ஒரு சாண் நீளத்துக்குப் படுக்கைவாட்டில் விரிசல். துரு வழிந்த தடம் இருக்கிறது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்னொன்று, ஐந்தாவது லைனர் உட்காரும் விளிம்புக்கும் பக்கத்தில் உள்ள ஹெட் போல்ட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் போல்ட்) துளைக்கும் நடுவில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. அது விரிசல் என்கிறார் ஒரு மெக்கானிக். லைனர் எடுக்கும்போது பட்ட பழைய கீறல் என்கிறார் இன்னொருவர்.

உள்ளூரில் நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்ய 12,000 ரூபாய் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் மெட்டல் ஸ்டிச்சிங் (சூடில்லாமல் முளைகளால் விரிசலைத் தைப்பது) செய்கிற பட்டறையில் 35,000, வண்டி வாடகை தனி. சென்னையிலிருந்து பழைய பிளாக் என்றால் 60,000 சொல்கிறார்கள். புது பிளாக் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும், எப்போது வந்து சேரும் என்றும் உறுதி தரவில்லை. சென்ற ஆண்டுதான் கியர்பாக்ஸுக்குக் கடன் வாங்கினோம்.

படகில் எட்டுப் பேர் போகிறார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வீட்டில் போய் நின்று பதில் சொல்லும் நிலை எனக்கு வரக் கூடாது.

காசிமேடு டீசல் (மே 18)

தம்பி, யோசிக்காமல் பழைய பிளாக் ஒன்றைப் பிடித்துப் போடுங்கள். கையில் நான்கு வாரம்கூட இல்லை. கோயம்புத்தூருக்கு அனுப்பி, அங்கே வரிசையில் நின்று, திரும்ப வந்து, பூட்டி, ஓட்டிப் பார்த்து, அதற்குள் ஏதாவது ஒன்று குறைந்தால் தொழில் போச்சு.

ஆனால் பழைய பிளாக் வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஆகட்டும், வேறு எங்கே ஆகட்டும், முதலில் மெயின் கேப் (கிராங்க் தண்டைப் பிடிக்கும் மெயின் பேரிங்கின் மூடி) ஏழும் அந்த பிளாக்கோடு பிறந்ததா என்று பாருங்கள். மெயின் கேப்பைப் பிளாக்கில் பூட்டி வைத்துத்தான் தொழிற்சாலையில் ஒரே நேராகத் துளை போடுகிறார்கள். வேறு பிளாக்கின் கேப்பைக் கொண்டு வந்து பூட்டினால் துளை வட்டமாக வராது, வரிசையும் நேராக நிற்காது. கிராங்க் இறுகும், பேரிங் கருகும். கேப்பிலும் பிளாக்கிலும் எண் குத்தியிருப்பார்கள், ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். கேப் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த இடத்தை விட்டு நடந்துவிடுங்கள்.

எஞ்சின் எண்ணைத் தேய்த்து அழித்த பிளாக்கும் வேண்டாம். அது யார் வீட்டு லாரியில் இருந்து வந்ததோ தெரியாது.

தூத்துக்குடி பட்டறை (மே 19)

தம்பி, நான் தூத்துக்குடியில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வார்ப்பிரும்பு வேலைதான் என் வாழ்நாள் வேலை. காசிமேட்டுத் தம்பி மெயின் கேப் பற்றிச் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. ஆனால் யோசிக்காமல் மாற்று என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விரிசல் எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது, இந்த இரண்டையும் தெரிந்துகொண்டபிறகுதான் விலையைப் பற்றிப் பேச வேண்டும்.

இடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் எஞ்சினின் சிலிண்டர் துளை 104 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 85 சதுர சென்டிமீட்டர் வரும். டீசல் எரிகிற அந்த நொடியில் உள்ளே 120 பார் அழுத்தம் எழுந்தால், பிஸ்டன் மேல் விழும் விசை 10 டன். அதே 10 டன் ஹெட்டையும் மேலே தூக்கப் பார்க்கும். 1,800 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நிமிடத்துக்கு 900 முறை நடக்கிறது. மேலே ஹெட் போல்ட், கீழே மெயின் பேரிங், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது பிளாக். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத்தான் அவ்வளவாகத் தாங்காது.

ஆகவே மெயின் பேரிங் தாங்கும் குறுக்குச் சுவரில் விரிசல் என்றால் என்னிடம் ஒரே பதில்தான்: அந்த பிளாக் பழைய இரும்பு எடைக்கு. யார் எவ்வளவு உத்தரவாதம் கொடுத்தாலும் சரி.

வாட்டர் ஜாக்கெட் வெளிச்சுவர் அப்படி இல்லை. அதற்குள் இருப்பது தண்ணீர். டேங்க் மூடியின் ஸ்பிரிங் விடுகிற அழுத்தம் ஒரு பாருக்கு மேல் போகாது. அந்தச் சுவர் பெரிதாக எதையும் சுமப்பதில்லை, தண்ணீரைப் பிடித்து வைத்தால் போதும். நீங்கள் சொல்கிற முதல் விரிசல் இந்த வகை. அது மட்டும்தான் என்றால் பிளாக்கை மாற்றவே வேண்டாம் என்பேன்.

லைனர் விளிம்புக்கும் போல்ட் துளைக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோடு, அதுதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கப் போகிறது. அங்கே ஹெட் போல்ட்டின் முழு இழுவையும் வந்து இறங்குகிறது. லைனரின் கழுத்தும் அங்கேதான் உட்காருகிறது. கீறலா விரிசலா என்று கண்ணால் பார்த்து வாதாட வேண்டாம். சிவப்புச் சாயச் சோதனை செய்யுங்கள். மூன்று ஸ்ப்ரே டப்பா, வெல்டிங் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சாயம் அடித்து, கால் மணி நேரம் விட்டு, மேலே உள்ளதைத் துணியால் துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால், உள்ளே புகுந்த சாயம் வெளியே வந்து கோடு காட்டும். கீறல் என்றால் மேலோட்டமாக நின்றுவிடும். விரிசல் என்றால் துடைக்கத் துடைக்கச் சிவப்பு ஊறிக்கொண்டே இருக்கும். சாயம் கிடைக்காவிட்டால் பழைய முறை இருக்கிறது: மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பொடியைக் குழைத்துப் பூசி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஈரக்கோடு தெரியும். வெளிச்சுவருக்கும் இதைச் செய்யுங்கள். விரிசல் எப்போதும் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாகத்தான் இருக்கும்.

இனி இரண்டாவது விஷயம். லாரிக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, படகுக்காரர்கள்தான் பட வேண்டும். இந்த எஞ்சினில் எப்போதாவது கடல்நீரை நேராக பிளாக்குக்குள் விட்டு ஓட்டியிருக்கிறார்களா? அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். வார்ப்பிரும்பை உப்புநீர் ஒரு விசித்திரமான முறையில் தின்னும். இரும்பு கரைந்து போய்விடும், அதற்குள் செதில் செதிலாக இருக்கும் கிராஃபைட் மட்டும் அப்படியே அதே வடிவத்தில் நின்றுவிடும். பார்வைக்குச் சுவர் முழுதாக இருக்கும், கனமும் குறைந்தது போலத் தெரியாது. கத்தி முனையால் சுரண்டினால் பென்சில் கரி போல உதிரும். அப்படிப்பட்ட சுவரில் வெல்டிங் பிடிக்காது, ஸ்டிச்சிங்குக்கு மரை வெட்டினால் மரை நிற்காது. ஒட்டுவதற்கு அங்கே இரும்பே இல்லை. எத்தனையோ பேர் நல்ல கைக்காரரிடம் பணத்தைக் கொடுத்து வேலை செய்து, மூன்று மாதத்தில் பக்கத்திலேயே புது விரிசல் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். கைக்காரர் மேல் குறை இல்லை.

கோர் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கை எட்டும் வரை உட்சுவரைச் சுரண்டிப் பாருங்கள். முடிந்தால் கப்பல் தகடு கனம் பார்க்கிற அல்ட்ராசோனிக் கருவி வைத்திருப்பவரை ஒரு மணி நேரம் கூட்டி வந்து, விரிசலைச் சுற்றி அளந்துவிடுங்கள். அளவு கேட்டு எழுதுங்கள், அப்புறம் வெல்டிங்கா ஸ்டிச்சிங்கா என்று பேசலாம்.

இன்னொரு கேள்வி: ஆயில் வெளுத்திருந்ததா? வெட் லைனரின் வெளிப்பக்கம் நீர்க்குமிழி வெடித்து வெடித்து ஊசித்துளை விழும். கீழே உள்ள ரப்பர் வளையம் போனாலும் தண்ணீர் ஆயிலுக்கு வரும், ஆயில் கூலர் ஓட்டையானாலும் வரும். இதில் எதுவானாலும் பழி பிளாக் மேல் விழும்.

மண்டபம் படகு (மே 20)

பெரியவர் சொன்னதற்கு மேல் தொழில் ரீதியாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடலில் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மாமா படகில் இதே மாதிரி வெளிச்சுவர் விரிசலை ஒரு பட்டறையில் வெல்டிங் செய்தார்கள். கரையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு சொட்டு இல்லை. நடுக்கடலில், வலையை இழுத்துக்கொண்டு முழு லோடில் ஓடும்போது, வெல்டிங்கை ஒட்டியே ஒரு விரல் தள்ளிப் புதிதாகப் பிளந்துவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் இலங்கைக் கடல் எல்லைக்கோடு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம்தான் போகும், எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்காது. நல்ல வேளை, பக்கத்தில் இருந்த படகு கயிறு கொடுத்து இழுத்து வந்தது. இழுத்து வந்தவருக்கும் அன்றைய தொழில் போனது.

லாரிக்கு விரிசல் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம். லாரிக்கார அண்ணன்கள் சொல்லும் கணக்கை அப்படியே படகுக்குப் போடாதீர்கள்.

லீக் அடைக்கிற பவுடரைத் தண்ணீரில் கலந்துவிடு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். விரிசலை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயை அடைத்துவிடும்.

அக்கரைப்பேட்டை படகு (மே 24)

எல்லோருக்கும் நன்றி. ஐயா கேட்டதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

ஆயில் வெளுக்கவில்லை. லைனர்களை வெளியே எடுத்துப் பார்த்தோம், இரண்டில் சிறு குழிகள் இருக்கின்றன, துளை விழவில்லை. ஆயில் கூலரைக் காற்றடித்துப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது.

அப்பாவிடம் கேட்டேன். படகை வாங்கிய புதிதில் எக்ஸ்சேஞ்சர் இல்லையாம். சில பருவங்கள் கடல்நீரையே நேராக விட்டுத்தான் ஓட்டியிருக்கிறார்கள், அப்போது இந்தக் கரையில் பலரும் அப்படித்தான் ஓட்டினார்களாம்.

வெளிச்சுவரைக் கனம் பார்க்க ஆள் கிடைத்தார். விரிசலுக்கு மேலே 6 மி.மீ., கீழே 5 மி.மீ. காட்டுகிறது. ஆனால் கோர் பிளக் துளை வழியாகச் சுரண்டினால் உள்பக்கம் கருப்பாக ஒரு தோல் உதிர்கிறது, அதற்குப் பிறகு இரும்பு பளபளவென்று தெரிகிறது. சாக்பொடி பூசியதில் வெளிச்சுவர் விரிசல் நாங்கள் நினைத்ததைவிட இரண்டு விரல் நீளம் அதிகம்.

லைனர் விளிம்பில் இருந்த கோடு விரிசல்தான். சிவப்புச் சாயம் விளிம்பிலிருந்து போல்ட் துளை வரை தெளிவாக ஊறி வந்தது. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மரையின் மேல் பகுதியிலும் கோடு இறங்குகிறது. மெயின் பேரிங் சுவர்கள் ஏழிலும் சாயம் அடித்தோம், அங்கே எதுவும் இல்லை.

ஸ்டிச்சிங் பட்டறைக்குப் படம் அனுப்பினேன். போல்ட் துளையையும் சேர்த்துச் செய்து தருகிறோம், முன்பு செய்திருக்கிறோம் என்கிறார்கள். ஐயா, இப்போது என்ன செய்வது?

தூத்துக்குடி பட்டறை (மே 25)

தம்பி, இவ்வளவு ஒழுங்காகப் பார்த்து எழுதியதற்கு முதலில் என் பாராட்டு. இப்போது நான் தைரியமாகச் சொல்லலாம்.

வெளிச்சுவர் சரிசெய்யக்கூடியது. கருப்புத் தோல் உதிர்ந்தபிறகு இரும்பு பளபளப்பாகத் தெரிந்தது நல்ல சேதி. கடல்நீர் மேல்தோலைத்தான் தின்றிருக்கிறது, நன்னீருக்கு மாற்றியதும் அரிப்பின் வேகம் குறைந்திருக்கும். ஸ்டிச்சிங் முளைக்கு மரை பிடிக்க நான் நான்கைந்து மி.மீ.யாவது எதிர்பார்ப்பேன். தோலைக் கழித்துவிட்டு உங்களிடம் இருப்பது அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

வெல்டிங்கை ஏன் நான் தள்ளுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 12,000 ரூபாய் கண்ணுக்கு முன்னால் நிற்கும். வார்ப்பிரும்பில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு கரி இருக்கிறது. வெல்டிங் போடும்போது ஓரத்தில் இருக்கும் இரும்பு சட்டென்று உருகிச் சட்டென்று ஆறும். குளிர்ந்த பிளாக் சூட்டை இழுத்துக்கொள்வதால் அந்த இடம் வெள்ளை வார்ப்பாகிக் கண்ணாடிக்குரிய கடினத்துக்கு வந்துவிடும், டிரில் பிட்கூட ஏறாது. மண்டபம் தம்பியின் மாமா படகில் வெல்டிங்கை விட்டுப் பக்கத்தில் பிளந்தது இதனால்தான். நிக்கல் ராடு அந்த ஆபத்தைக் குறைக்கும், முழுக்கப் போக்காது. ஒரு அங்குலத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல், சுத்தியலால் தட்டித் தட்டி, கை வைக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, மறுபடி ஒரு அங்குலம் என்று போகிற பொறுமைக்காரர் வேண்டும். அல்லது பிளாக் முழுவதையும் உலையில் 600 டிகிரி வரை ஏற்றி, வெல்டிங் செய்து, சாம்பலில் புதைத்து ஒரு நாளுக்கு மேல் ஆறவிட வேண்டும். அப்படிச் செய்தால் வெல்டிங் அருமையாக நிற்கும், ஆனால் மெயின் லைன், லைனர் இருக்கை எல்லாம் கோணும். எல்லாவற்றையும் மறுபடி கடைய வேண்டும். அந்தச் செலவுக்குப் புது பிளாக்கே வந்துவிடும்.

வெல்டிங்கைக் கேவலமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1917இல் அமெரிக்கத் துறைமுகங்களில் முடக்கி வைத்திருந்த ஜெர்மன் கப்பல்களின் ஊழியர்கள், கப்பல் கைமாறும் முன் நீராவி எஞ்சின்களின் வார்ப்பு சிலிண்டர்களை உடைத்துப் போட்டார்கள். அவற்றை மின்சார வெல்டிங்கால்தான் சில மாதங்களில் ஒட்டி, அதே கப்பல்களில் படையினரை ஏற்றிப் போனார்கள். என் தொழிலில் நான் மிகவும் மதிக்கிற வேலை அது. ஆனால் அந்தச் சிலிண்டர்களின் சுவர் கனமும் அழுத்தமும் வேறு, உங்கள் 6 மி.மீ. சுவரும் டீசலின் 120 பாரும் வேறு.

ஸ்டிச்சிங்கில் சூடு இல்லை. விரிசலுக்குக் குறுக்கே பூட்டுகள் இறக்கி, விரிசல் நெடுக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி துளையிட்டு, மரை வெட்டி, முளைகளை முறுக்கி, தலையை அறுத்துத் தேய்த்துவிடுவார்கள். தீ மூட்டவே கூடாத அமெரிக்க எண்ணெய் வயல்களில் 1930களில் வளர்ந்த முறை. நல்ல கையால் செய்தால் எஞ்சின் ஆயுசுக்கும் நிற்கும். வெளிச்சுவர் மட்டும் என்றால் கோயம்புத்தூருக்கு வண்டி ஏற்று என்று இன்றைக்கே சொல்லியிருப்பேன்.

போல்ட் துளைதான் என்னைத் தடுக்கிறது. அதையும் செய்யலாம், அந்தப் பட்டறை பொய் சொல்லவில்லை. துளையைப் பெரிதாக்கி, கனமான மரைச் செருகி இறக்கி, விரிசலைப் பூட்டி, லைனர் இருக்கையைக் கடைந்து வளையம் வைத்து, லைனர் கழுத்து மற்ற ஐந்தோடு ஒரே உயரத்தில் நிற்கும்படி கொண்டுவர வேண்டும். இதில் எங்கே ஒரு நூல் தவறினாலும் ஹெட் கேஸ்கட் முதலில் போகும். இதையெல்லாம் செய்து முடித்த பிளாக்கில், 10 டன் இழுவையைத் தாங்க வேண்டிய இடமும் பழையது, கடல்நீர் குடித்த சுவரும் பழையது. இதே விரிசல் கரையில் நிற்கிற ஜெனரேட்டரில் இருந்தால் சரிசெய் என்பேன், ஏனென்றால் அது நின்றால் விளக்கு அணையும், அவ்வளவுதான். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகும் எஞ்சினுக்கு என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன். ஜூன் 14க்குள் அவசரமாக முடிக்கிற வேலைக்கு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

பிளாக்கை மாற்றுங்கள். காசிமேட்டுத் தம்பி சொன்னபடி கேப்போடு கூடியது, எண் அழியாதது. கடலில் ஓடியது வேண்டாம், லாரியில் ஓடியதாகப் பாருங்கள். வாங்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். மேல் முகத்தில் நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள், 0.1 மி.மீ. தகடு எங்கேயும் நுழையக் கூடாது. மெயின் கேப்பைச் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, ஏழு துளையையும் டயல் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் தண்ணீர் வழிகளை எல்லாம் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, 80 டிகிரி வெந்நீர் நிரப்பி, 3 பார் காற்று கொடுத்து அரை மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில விரிசல் சூட்டில்தான் வாயைத் திறக்கும். சோதனைக்கு ஆகும் காசை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

உங்கள் ஹெட்டையும் அதே வெந்நீர்ச் சோதனைக்கு அனுப்புங்கள். சிவப்புக்குப் போன எஞ்சினில் வால்வு இருக்கைகளுக்கு நடுவில் விரிசல் இல்லாமல் தப்புவது அதிர்ஷ்டம். பிளாக்கை மாற்றிவிட்டு விரிந்த ஹெட்டைத் தூக்கி மேலே வைத்தால் எல்லாச் செலவும் வீண். குழி விழுந்த இரண்டு லைனரையும் மாற்றிவிடுங்கள்.

காரணத்தை விட்டுவிடக் கூடாது. கடல்நீர் வடிகட்டி ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டாகப் போட்டு நடுவில் வால்வு வையுங்கள், ஒன்று அடைத்தால் மற்றதைத் திறந்துவிட்டு ஓடிக்கொண்டே சுத்தம் செய்யலாம். சூடு ஏறினால் மணி அடிக்கிற சுவிட்சும் வையுங்கள். டிரைவர் முள்ளையே பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, அவருக்கு வலை இருக்கிறது, மற்ற படகுகள் இருக்கின்றன. தெர்மோஸ்டாட்டை யாராவது கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள். பல எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் பைபாஸ் வழியாகவே சுற்றிவிடும், கூலருக்குப் போகாது.

காசிமேடு டீசல் (மே 25)

ஐயா சொன்ன வெந்நீர்ச் சோதனையை நான் இதுவரை கேட்டு வாங்கியதில்லை, இனிமேல் கேட்பேன். தம்பி, சென்னை வந்தால் தகவல் போடுங்கள், பிளாக் பார்க்க நானும் கூட வருகிறேன். டயல் கேஜ் என்னிடமே இருக்கிறது.

அக்கரைப்பேட்டை படகு (ஜூன் 3)

பிளாக் கிடைத்துவிட்டது. காசிமேடு அண்ணன் கூடவே வந்து அளந்து கொடுத்தார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. முதலில் காட்டிய பிளாக்கில் மூன்றாவது கேப்பின் எண் பொருந்தவில்லை, விட்டுவிட்டோம். இரண்டாவது கடையில் இருந்தது லாரியில் ஓடியது, கேப் ஏழும் பொருந்தியது, வெந்நீர்ச் சோதனையில் சொட்டு இல்லை. விலை 65,000, சோதனைச் செலவு தனி. ஹெட்டில் ஐயா பயந்தது போலவே இரண்டாவது சிலிண்டரில் வால்வுகளுக்கு நடுவில் விரிசல் இருந்தது, அதையும் மாற்றினோம். இது கணக்கில் இல்லாத செலவு. பங்குக்காரர்கள் இரண்டு பேர் தாங்களே முன்வந்து கொடுத்தார்கள்.

எஞ்சின் நேற்றுப் பூட்டி முடிந்தது. இரட்டை வடிகட்டி போட்டாயிற்று, மணியும் வைத்தாயிற்று. இரண்டே கேள்வி. ஓட்டிப் பழக்குவது எப்படி? பழைய பிளாக்கை எடைக்குப் போட்டுவிடலாமா?

தூத்துக்குடி பட்டறை (ஜூன் 3)

மனசு நிறைந்தது தம்பி. பங்குக்காரர்களுக்கும் என் வணக்கம்.

படகைக் கடலில் இறக்கிக் கட்டி வைத்து, கியரில் போட்டு, பாதி வேகத்தில் சில மணி நேரம் ஓடவிடுங்கள். சும்மா நியூட்ரலில் நாள் முழுக்க உறும விட்டால் ரிங் லைனரில் படியாது, லோடு வேண்டும். ஒரு முறை நன்றாகச் சூடேறி முழுக்க ஆறியபிறகு ஹெட் போல்ட்டுகளை டார்க் பாருங்கள். அந்த எஞ்சின் புத்தகத்தில் மறுபடி இறுக்கச் சொல்லியிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், எல்லா எஞ்சினுக்கும் அது பொருந்தாது. முதல் ஆயிலைச் சீக்கிரம் இறக்கி, ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். முதல் தொழிலுக்குக் கரையோரமாகவே போய் வரச் சொல்லுங்கள், மேல் டேங்க் தண்ணீர் அளவை ஒவ்வொரு வலை இழுப்புக்கும் ஒரு முறை பார்க்கட்டும்.

பழைய பிளாக்கை இப்போதைக்குப் போடாதீர்கள். படகின் பதிவில் எஞ்சின் எண் இருந்தால், புது எண்ணை மீன்வளத்துறை அலுவலகத்தில் தெரிவித்து எழுதி வாங்குங்கள். வாங்கிய ரசீதையும், இரண்டு பிளாக்கிலும் எண் குத்திய இடத்தின் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்தபிறகு எடைக்குப் போடலாம். போடும்போது ஐந்தாவது துளைக்கு நேராக உளி வைத்து உடைத்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அந்த விரிசலில் சிமெண்டு மாதிரி எதையாவது பூசி, பெயிண்ட் அடித்து, உங்களைப் போல இன்னொரு தம்பியிடம் யாராவது விற்றுவிடுவார்கள்.